சென்னையிலிருந்து டொராண்டோ: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? முதல் முறை பறப்பவர்களுக்கு ஒரு கணக்கு

அம்மா முதல் முறை கனடாவுக்குக் கிளம்பியபோது கும்பகோணத்திலிருந்து போனில் கேட்ட கேள்வி இதுதான்: "எவ்ளோ தூரம்பா அது?"

"13,400 கிலோமீட்டர்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நம்மூர்லேர்ந்து மெட்ராஸ் எவ்ளோ?"

"300 இருக்கும்."

"அப்ப அதுபோல?"

"நாப்பத்தஞ்சு தடவை."

சொன்னது சரியான கணக்கு. ஆனால் அம்மாவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எப்போது சாப்பிடலாம், சர்க்கரை மாத்திரையை எந்த மணிக்குப் போடுவது, எங்கே காலை நீட்டலாம், நான் எத்தனை மணிக்கு வாசலில் நிற்பேன் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்குக் கிலோமீட்டர் போதாது, மணிக்கணக்கு வேண்டும். அதுவும் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் மணி அல்ல, நாமே உட்கார்ந்து போட்ட கணக்கு. அம்மா அதற்குப் பிறகு மூன்று முறை வந்து போய்விட்டார். ஒவ்வொரு முறையும் நான் போடுகிற கணக்கைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோருக்கும், முதல் முறை படிக்கக் கிளம்பும் மாணவர்களுக்கும் உதவும்.

முதல் படி: தூரத்தைச் சரியாகப் படியுங்கள்

இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் 13,400 என்று சொல்லும், இன்னொன்று 8,300 என்னும், வேறொன்று 7,200 என்னும். மூன்றும் சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது மைல், மூன்றாவது விமானிகளும் கப்பல்காரர்களும் பயன்படுத்தும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்ணைப் பார்க்கும் முன் அலகைப் பாருங்கள்.

இந்த 13,400 பூமியின் முதுகில் நூல் பிடித்து அளந்த தூரம். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் டொராண்டோவில் மறுமுனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் கோடு போட்டால் அது சவுதி, லிபியா, அல்ஜீரியா தாண்டி அட்லாண்டிக் கடலுக்குள் போகும். உருண்டையில் நூல் அப்படிப் போகாது. சென்னையிலிருந்து நேரே வடக்கே ஏறும். விதர்பா, பஞ்சாப் எல்லை, பாகிஸ்தானின் வடமலைகள், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் யூரல் மலை, வெண்கடல், நார்வேயின் வடகோடி என்று போய், வட அட்சம் 73 பாகைக்கும் மேலே உச்சி தொட்டு, கிரீன்லாந்துப் பனியைக் கடந்து கியூபெக் வழியாக டொராண்டோவில் இறங்கும். முதல் முறை அந்த நூலைப் பிடித்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. நம் ஊருக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள குறுக்குவழி வட துருவத்தின் பக்கமாகப் போகிறது.

பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் சொச்சம். ஆகவே எந்த இரு ஊருக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க முடியாது. நாம் போகப்போவது அதில் மூன்றில் இரண்டு பங்கு. கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு இன்னும் 600 கூடி 14,000 ஆகும். (ஈழத்துத் தமிழர்கள் இந்த ஊரை ரொறன்ரோ என்று எழுதுவார்கள். பத்திரிகையில் அப்படிப் பார்த்தால் வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம்.)

இரண்டாம் படி: உங்கள் விமானம் உண்மையில் பறக்கும் தூரம்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. விமானத்தால் முடியாது என்பதல்ல காரணம். சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டரை 18 மணி நேரத்துக்கும் மேலாக ஒரே மூச்சில் பறக்கிறது. நம் ஊருக்கு அப்படியொரு சேவை இல்லை, அவ்வளவுதான். ஆகவே எங்காவது இறங்கி ஏற வேண்டும். இறங்கும் ஊரைப் பொறுத்துத் தூரம் மாறும்:

லண்டன் வழி: 8,230 + 5,710, மொத்தம் 13,940 கிலோமீட்டர்.
பிராங்பர்ட் வழி: 7,590 + 6,340, மொத்தம் 13,930.
துபாய் வழி: 2,930 + 11,080, மொத்தம் 14,010.
டெல்லி வழி: 1,760 + 11,640, மொத்தம் 13,400.

முதல் மூன்றுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. விமானத்துக்கு அது ஆறேழு நிமிடம். "லண்டன் வழியா போனா கிட்ட, துபாய் வழியா போனா சுத்து" என்று பேசுவதில் பொருளில்லை. வழியைத் தீர்மானிக்க வேண்டிய காரணங்கள் வேறு, பின்னால் வருகிறேன்.

டெல்லி வழிதான் கணக்கில் குறைவு. ஆனால் இன்றைய நிலைமையில் அது ஏட்டுக் கணக்கு. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. அதன்பின் டெல்லியிலிருந்து அமெரிக்கக் கண்டம் போகும் இந்திய விமானங்கள் மேற்கே சுற்ற வேண்டியதாகி, சில ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. அதற்கு முன்பே, 2022 பிப்ரவரிக்குப் பிறகு, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், கனடா ஆகியவற்றின் நிறுவனங்களுக்கு ரஷ்யா மேலே பறக்க வழியில்லை. நூல் பிடித்துப் பார்த்த அந்த அழகான பாதை நடுநடுவே அடைபட்டுக் கிடக்கிறது. இந்தத் தடைகள் வரும், போகும். டிக்கெட் எடுக்கும் நாளில், பழைய கட்டுரைகளை நம்பாமல், அன்றைய அட்டவணையில் போட்டிருக்கும் பயண நேரத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: தூரத்தை மணியாக்குவது

பெரிய விமானங்கள் மேலே போனபின் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது எல்லாம் மெதுவாகத்தான். அதனால் நான் கையாளும் கணக்கு இது: தூரத்தை 850ஆல் வகுத்து அரை மணி கூட்டு. மேற்கே போனால் இன்னும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர், கிழக்கே வந்தால் அதேபோல் கழி.

துபாய் – டொராண்டோ 11,080. 850ஆல் வகுத்தால் 13, அரை மணி கூட்டினால் பதின்மூன்றரை. போகும்போது 14 மணி நேரம், வரும்போது 13க்குள். அட்டவணையும் ஏறக்குறைய இதையேதான் சொல்லும்.

போவதற்கும் வருவதற்கும் ஏன் இந்த வித்தியாசம்? பூமி சுழல்வதால் என்று பலர் சொல்வார்கள், என் மாமாகூடச் சொன்னார். பூமியோடு சேர்ந்து காற்றும் சுழல்கிறது, ஆகவே காரணம் அதுவல்ல. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் ஒரு காற்றாறு இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் வீசும். ஊருக்குத் திரும்பும்போது முதுகில் தள்ளும், போகும்போது முகத்தில் அடிக்கும். காவிரியில் பரிசல் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நான்காம் படி: ஒரே கடிகாரத்தில் கணக்குப் போடுங்கள்

குழப்பம் எல்லாம் இங்கேதான். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். புறப்படும் நேரம் சென்னை நேரம், இறங்கும் நேரம் டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல.

நம் நேரத்துக்கும் டொராண்டோவுக்கும் உள்ள இடைவெளி குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி. மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் கொழும்புக்காரர்களும் இதையே பயன்படுத்தலாம்.

முள் கடிகாரம் கட்டியவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. பத்தரை மணி பின்னால் போவதும் ஒன்றரை மணி முன்னால் போவதும் முள்ளுக்கு ஒரே இடம்தான். ஆகவே குளிர்காலத்தில் சென்னை மணியோடு ஒன்றரை கூட்டி, பகலை இரவாக்கி, இரவைப் பகலாக்கிக்கொள்ளுங்கள். கோடையில் இரண்டரை கூட்டுங்கள். சென்னையில் ஜனவரி மாதம் காலை 7 மணி என்றால் டொராண்டோவில் முந்தின நாள் இரவு எட்டரை. அம்மா இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நான்தான் இன்னும் போனைப் பார்க்கிறேன்.

இப்போது ஒரு டிக்கெட்டைப் பிரித்துப் பார்ப்போம். நேரங்கள் உதாரணத்துக்குத்தான். மாதம் ஜனவரி.

சென்னை புறப்பாடு 03:50. துபாய் சேர்வு 06:40. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். ஆகவே அந்த 06:40 நமக்கு 08:10. பறந்தது 4 மணி 20 நிமிடம்.

துபாய் புறப்பாடு 09:30, அதாவது நம் 11:00. காத்திருந்தது 2 மணி 50 நிமிடம்.

டொராண்டோ சேர்வு அதே நாள் 14:40. பத்தரை கூட்டினால் நமக்கு மறுநாள் அதிகாலை 01:10. பறந்தது 14 மணி 10 நிமிடம்.

சென்னைக் கடிகாரப்படி 03:50க்குக் கிளம்பி 01:10க்கு இறங்கியிருக்கிறோம். மொத்தம் 21 மணி 20 நிமிடம். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் விடியற்காலை ஏறி அன்று மதியமே இறங்குவதாகத் தெரியும். "பத்து பதினோரு மணி நேரந்தானே" என்று நினைத்து ஏறுகிறவர்கள் நடுவழியில் நொந்துபோவது இதனால்தான்.

திரும்பும்போது இதன் மறுபக்கம் பயமுறுத்தும். திங்கள் இரவு 21:15க்கு டொராண்டோவில் ஏறினால் புதன் அதிகாலை 03:35க்குச் சென்னை. "ரெண்டு ராத்திரியா!" என்று அம்மா அதிர்ந்துபோனார். சென்னைக் கடிகாரத்தில் அது செவ்வாய் காலை 07:45க்குத் தொடங்கிப் புதன் 03:35க்கு முடிகிற, இருபது மணி நேரத்துக்கும் குறைவான பயணம்.

தேதி விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. 15ஆம் தேதி 00:40 என்று போட்டிருந்தால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். என் சித்தப்பா குடும்பம் 15ஆம் தேதி இரவு மாலை மரியாதையோடு போய் இறங்கியது. விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. அன்று சித்தி விமான நிலைய வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்து அழுததை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. டிக்கெட் வந்ததும் காலண்டரில் விமானத் தேதியை விட்டுவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியைச் சுழித்து வையுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே இறங்கி ஏறுவது

தூரம் ஒன்றுதான் என்று பார்த்தோம். பிறகு எதை வைத்து முடிவெடுப்பது? என் வரிசை இது.

முதலில், விசா. அமெரிக்க ஊர் எதிலாவது இறங்கி ஏறும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும். அமெரிக்காவில் வெளியே போகாமல் உள்ளேயே மாறும் வசதி கிடையாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்கள் கனடா விசா வைத்திருந்தாலும் அமெரிக்க விசா இல்லாமல் அந்த வழியைத் தொடவே கூடாது. ஐரோப்பிய ஊர்களில் இறங்கி ஏறுவதற்கான டிரான்சிட் விசா விதி நாட்டுக்கு நாடு, கடவுச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு மாறுபடும். பணம் கட்டும் முன் விமான நிறுவனத்திடமும் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்திலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரே டிக்கெட். சென்னையிலிருந்து டொராண்டோ வரை ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாகக் கடைசி ஊர்வரை தானே போகும். செக்-இன் செய்யும்போது பெட்டியில் கட்டும் சீட்டில் டொராண்டோவின் குறியீடான ஒய்ஒய்இசட் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்துப் பத்தாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானதால் இரண்டாவது டிக்கெட் மொத்தமும் வீணான அனுபவம் எனக்கே உண்டு. புது டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் அந்த மிச்சம் பலமடங்கு போய்விட்டது.

மூன்றாவது, காத்திருப்பு நேரம். வயதானவர்களோடு போனால் இரண்டு மணிக்குக் குறைவான இடைவெளி வேண்டவே வேண்டாம். பெரிய விமான நிலையங்களில் ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டியிருக்கும், மறுபடி பாதுகாப்புச் சோதனையும் உண்டு. இரண்டரை முதல் நான்கு மணி நேரம் நல்லது. ஆறைத் தாண்டினால் உட்கார்ந்தே இடுப்பு விட்டுப்போகும்.

நான்காவது, நீண்ட பறப்பை எங்கே வைப்பது. துபாய் வழியில் 4 + 14. லண்டன் வழியில் 11 + 8. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு 14 மணி நேரம் ஒரே இருக்கை கடினம், லண்டன் அல்லது பிராங்பர்ட் தேவலை. ஆனால் சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்கு, ஒரு குட்டித் தூக்கம், ஒரு மாற்றம், பிறகு ஒரு நீண்ட தூக்கம் என்று துபாய் வழி ஒத்துவருகிறது. அம்மாவுக்கு நான் லண்டன் வழியே எடுப்பேன்.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டு வையுங்கள். கட்டணம் கிடையாது, 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே நீண்ட தூரம் நடக்க முடியாதவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பெரிய விமான நிலையங்களில் கேட்டுக்குக் கேட் அரை மணி நடை என்பது சாதாரணம்.

தேடும்போது கவனிக்க: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலேயே லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது, டொராண்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். அங்கே உள்ள பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்கள் வெறுமனே லண்டன் என்று தட்டினால் இங்கிலாந்துக்கு டிக்கெட் காட்டும்.

ஆறாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

உதாரணத்துக்குப் பிரித்த அந்தத் துபாய் டிக்கெட்டிலேயே அம்மா வருவதாக வைத்துக்கொண்டால், விமான நேரம் 21 மணி 20 நிமிடம். ஆனால் அம்மாவின் முழுப் பயணம் அதுவல்ல. கும்பகோணம் வீட்டை விட்டு மாலை 3 மணிக்குக் கார் கிளம்பும். வழியில் காபி, விழுப்புரம் பக்கம் நெரிசல், ஆறேழு மணி நேரம். தாம்பரத்தில் உறவுக்காரர் வீட்டில் இட்லி. 03:50 விமானத்துக்கு இரவு 12 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருந்தால் நிம்மதி. செக்-இன் கவுன்ட்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதற்கு முன் வரிசை, அதற்குப் பின் குடியேற்றச் சோதனை எல்லாம் இருக்கிறது. மறுமுனையில் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிக் குடிவரவு முடித்துப் பெட்டி எடுக்க ஒன்று, ஒன்றரை மணி. அங்கிருந்து 401 நெடுஞ்சாலையில் ஸ்கார்பரோவில் உள்ள என் வீட்டுக்கு வர, மாலை நெரிசலில் ஒரு மணி நேரம்.

கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு 36 மணி நேரத்துக்கும் மேல், ஒன்றரை நாள். "எவ்ளோ தூரம்பா" என்ற கேள்விக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த ஒன்றரை நாள்தான். இது தெரிந்தால் மற்றதெல்லாம் தானே வரும். எத்தனை வேளைச் சாப்பாடு, எத்தனை வேளை மாத்திரை, கைப்பையில் மாற்றுத் துணி எத்தனை என்று யாரும் சொல்லாமலே எண்ணிவிடலாம். அம்மாவை முதல் நாளே சென்னைக்கு அழைத்து வந்து ஒரு இரவு படுக்க வைத்துவிட்டுக் கிளம்பச் செய்வது என்று இரண்டாம் முறையிலிருந்து மாற்றிக்கொண்டோம். அந்த ஒரு மாற்றத்தால் களைப்பு பாதியாகக் குறைந்தது.

ஏழாம் படி: மாத்திரையும் ஊறுகாயும்

சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவறாமல் படியுங்கள். மேற்கே போகும்போது நாள் பத்து மணி நேரம் நீள்கிறது, திரும்பும்போது அதே அளவு சுருங்குகிறது. இறங்கிய ஊர் மணியைப் பார்த்து மாத்திரை போட்டால் இரண்டு வேளைக்கு நடுவே இடைவெளி தாறுமாறாகிவிடும். குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது ஆபத்து. டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடமே காட்டி, எந்த மணிக்கு எது என்று எழுதி வாங்குங்கள். அம்மாவின் மருத்துவர் எல்லாவற்றையும் சென்னை நேரத்திலேயே எழுதிக் கொடுத்தார், இறங்கியபின் எப்படி மாற்றுவது என்பதும் சேர்த்து. அதற்காகவே அம்மா தன் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தை வழி நெடுகச் சென்னை நேரத்திலேயே வைத்திருப்பார். அந்தச் சீட்டை மடித்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் செருகியிருப்பார். விமானத் திரையில் எந்த ஊர் மணி ஓடினாலும் அவருக்குக் கவலையில்லை.

மருந்து முழுவதும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. செக்-இன் செய்து அனுப்பும் ஏற்றுப் பெட்டியில் இன்சுலினை வைக்காதீர்கள், சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலை மடக்கி நீட்ட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீரைத் தவிர்ப்பது நம் அம்மாக்களின் பழக்கம். நடைபாதை ஓர இருக்கை வாங்கிக் கொடுங்கள், அந்தக் கூச்சம் போய்விடும்.

ஊறுகாய், புளிக்காய்ச்சல், நெய் எதுவும் கைப்பையில் ஆகாது. 100 மில்லிக்கு மேல் திரவம், குழம்பு போன்றது எதுவானாலும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். நன்றாகக் கட்டி ஏற்றுப் பெட்டியில் வையுங்கள். கொண்டுவரும் உணவுப் பொருளைக் கனடாவில் இறங்கும்போது கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

கடைசிப் படி: இறங்கியபின்

பியர்சனில் முனையம் 1, முனையம் 3 என்று இரண்டுதான். 2 இப்போது இல்லை, தேடாதீர்கள். எந்த முனையம் என்பது டிக்கெட்டில் இருக்கும், அழைக்க வருகிறவருக்கு முன்பே அனுப்பி வையுங்கள். தவறிப்போனாலும் இரண்டுக்கும் நடுவே இலவச ரயில் ஓடுகிறது. தனியாக வரும் மாணவர்கள் நகர மையத்துக்கு யூபி எக்ஸ்பிரஸ் ரயிலில் 25 நிமிடத்தில் யூனியன் நிலையம் போய்விடலாம்.

பகலில் இறங்கினால் எவ்வளவு கண் சொருகினாலும் இரவு எட்டு, எட்டரை வரை படுக்க விடாதீர்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் நடத்துங்கள். உடம்பு அந்த ஊர் மணிக்கு முழுதாக மாற ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதல் சில நாள் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வருவது இயல்பு. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டால் பதறாதீர்கள், அம்மா காபி போடுகிறார்.

போன முறை அம்மா சக்கர நாற்காலியில் வெளியே வந்தபோது மணி நாலு. கட்டிப்பிடித்துவிட்டு, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டை மாட்டிவிட்டேன். காரில் ஏறி சீட் பெல்ட் போட்டதும் இடது மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். கடிகாரத்தில் இரண்டரை. திருகியை இழுத்து முள்ளை ஒன்றரை மணி முன்னால் தள்ளினேன்.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சும்மா."

"அப்ப ராத்திரி மாத்திரை இனிமே இந்த மணிக்குத்தான்" என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்து சீட்டைப் பிரித்தார்.